ஆபீசில் அழாமல் இருக்க நான் என்ன செய்ய வேண்டும்?

வாசகி ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கத்தைக் கீழே தருகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன்.

வயது 36. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறார். முதல் ஐந்தரை வருடம் பெரிய தொந்தரவு இல்லை. பிறகு புது மேனேஜர் வந்தார். சின்னத் தவறு கண்ணில் பட்டாலும் எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கத்துகிறார். "மூளையைக் கழற்றி வீட்டிலேயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்பது அவர் வாடிக்கையாகக் கேட்கும் கேள்வி. போன மாதம் ஒரு கூட்டத்தில், இவர் தயாரித்த அறிக்கையை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்துத் தூக்கிக் காட்டி, "இது என்னன்னு யாருக்காவது தெரியுதா?" என்று கேட்டிருக்கிறார். சிலர் சிரித்தார்கள். இவரும் சிரித்துக்கொண்டே "சாரி சார், மாத்திடறேன் சார்" என்று சொல்லிவிட்டு பாத்ரூமுக்குப் போய், சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது, அறிக்கையில் என்ன திருத்தம் சொன்னார் என்பதே நினைவில் இல்லை. "அவர் சொல்வதுபோல எனக்கு நிஜமாகவே மூளை மழுங்கிவிட்டதோ?" என்று கேட்கிறார்.

கணவர், "குட்டக் குட்டக் குனியாதே, வேலையை விட்டுடு" என்கிறார். வீட்டுக் கடன் முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் போனில் தட்டிய ராஜினாமா கடிதம் அனுப்பப்படாமல் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே நெஞ்சு படபடக்கிறது. சில நாள், ஆபீஸ் போகிற வழியில் சின்னதாக ஒரு விபத்து நடந்து ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டால் தேவலை என்று தோன்றுகிறது.

கடைசிப் பக்கத்தில் எட்டு வயது மகனைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருநாள் வீட்டுப்பாட நோட்டில் அவன் தண்ணீரைக் கொட்டிவிட்டான். இவர் வாயிலிருந்து வந்தது, "மூளையைக் கழற்றி வச்சிட்டியா?" பையன் அழவில்லை. சிரித்துக்கொண்டே "சாரிம்மா" என்றான்.

அவர் கேட்பது ஒன்றுதான்: "நான் ஆபீசில் அழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விக்கு முன்னால் வேறொன்றைப் பேசிவிடுகிறேன். விபத்து நடந்தால் தேவலை என்ற நினைப்பைப் பாதி வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை. அந்த நினைப்பு வருகிறதென்றால் உங்கள் மனமும் உடம்பும் லீவு கேட்கின்றன, அதை நேராகக் கேட்க வழி தெரியவில்லை என்று அர்த்தம். என் முன்னால் உட்கார்ந்து இதையே சொன்னவர்கள் பலர். தூக்கமின்மை, படபடப்பு, இந்த நினைப்பு மூன்றும் சேர்ந்திருப்பதால் இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுப் படபடப்பை 'டென்ஷன்தானே' என்று நீங்களே முடிவு கட்டாமல் உடம்பையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். விபத்து என்ற நினைப்பு என்றைக்காவது செத்துப்போகலாம் என்ற நினைப்பாக மாறினால், அந்த நிமிடமே கணவரிடமோ மருத்துவரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். இந்த ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

அந்தச் சிரிப்பு

அழுகையைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் கவலை.

வேலை செய்யும் இடத்தில் முகத்தைச் சம்பளத்துக்காக வைத்துக்கொள்வதும் ஓர் உழைப்புதான் என்பதை, 1983-இல் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களிடம் ஆராய்ந்து எழுதினார். உள்ளே ஒன்று இருக்க வெளியே வேறொன்றைக் காட்டுவது ஒரு வகை. உள்ளே இருப்பதையே மாற்றிக்கொள்ள முயல்வது இன்னொரு வகை. நீங்கள் செய்வது முதல் வகை. அதில் ஆள் சீக்கிரம் களைத்துப்போவார்.

ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1990-களில் செய்த பரிசோதனைகளில், மனதைக் கலக்கும் படங்களைக் காட்டி, 'பார்ப்பவருக்கு உங்கள் உணர்ச்சி தெரியக் கூடாது' என்று சிலரிடம் சொன்னார்கள். அவர்கள் முகத்தை அமைதியாக வைத்துக்கொண்டார்கள். ஆனால் உள்ளே இருந்த உணர்ச்சி குறையவில்லை. வியர்வையிலும் இரத்தநாளங்களிலும் பதற்றத்தின் அறிகுறிகள் கூடின. 2000-இல் வெளியான இன்னோர் ஆய்வு உங்களுக்கு நேராகப் பொருந்தும். முகத்தை அடக்கிக்கொண்டிருக்கும்போது காதில் விழுந்த விஷயங்கள் பிறகு சரியாக நினைவுக்கு வருவதில்லை என்று அதில் தெரிந்தது. கவனத்தின் ஒரு பகுதி முகத்தைக் காவல் காப்பதில் செலவாகிவிடுகிறது.

அவர் சொன்ன திருத்தம் உங்களுக்கு ஏன் மறந்தது என்று இப்போது புரிகிறதா? உங்கள் மூளை மழுங்கவில்லை. ஏழு வருடம் கணக்கு பார்த்த அதே மூளைதான். அந்த இரண்டு நிமிடமும் அது உங்கள் உதட்டைச் சிரிக்க வைப்பதில் மும்முரமாக இருந்தது. திட்டு வாங்கியதும் தவறு கூடுகிறது, கூடிய தவறுக்கு இன்னும் திட்டு கிடைக்கிறது. இந்தச் சுழலுக்குள் இருந்துகொண்டு உங்கள் திறமையை எடை போடாதீர்கள்.

அழுகை பலவீனம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் கடிதத்தில் 'டென்ஷன்' என்ற சொல் ஒன்பது இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். 'கோபம்' என்ற சொல்லை உங்களைக் குறித்து ஓரிடத்தில்கூட எழுதவில்லை. மேனேஜருக்குக் கோபம் வருகிறது, கணவருக்குக் கோபம் வருகிறது, உங்களுக்கு டென்ஷன் மட்டும்தான் வருகிறது! அறிக்கையை அவர் தூக்கிக் காட்டியபோது வந்தது அவமானம். சிலர் சிரித்தபோது வந்தது ஆத்திரம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவது பயம். மூன்றும் வேறு வேறு. பயத்துக்குப் பாதுகாப்பு வேண்டும். அவமானத்துக்கு, நடந்தது தவறு என்று இன்னொருவர் சொல்ல வேண்டும். ஆத்திரத்துக்கு, செய்வதற்கு ஏதாவது ஒரு காரியம் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால் எதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் போகும். கோபப்படப் பழகாதவர்களுக்கு அந்த ஆத்திரம் பல நேரம் கண்ணீராகத்தான் வருகிறது. ஆகவே குழாயைத் திறந்துவிட்டு அழுத அந்த ஐந்து நிமிடத்துக்காக வெட்கப்பட வேண்டாம்.

'அவருக்குக் கோபத்தை அடக்கத் தெரியாது'

இப்படி ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த பத்தியிலேயே இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். "டைரக்டர் உள்ளே வந்தால் அவர் குரல் அப்படியே மாறிவிடும். பாதி வாக்கியத்திலேயே மாறும்."

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பாதி வாக்கியத்தில் குரலை மாற்றத் தெரிந்தவருக்குக் கோபத்தை அடக்கத் தெரியாதா? நன்றாகத் தெரியும். எங்கே அடக்க வேண்டும், எங்கே அவிழ்த்துவிடலாம் என்பதும் தெரியும். அவருக்கு வேலைப்பளு இருக்கலாம், மேலிருந்து அழுத்தம் இருக்கலாம், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் 'நான் இன்னும் கவனமாக வேலை செய்தால் அவர் கத்தமாட்டார்' என்ற உங்கள் நம்பிக்கையை மட்டும் விட்டுவிடுங்கள். அவருடைய குரலுக்கான பொத்தான் உங்கள் அறிக்கையில் இல்லை.

கண்டிப்பான மேலதிகாரி வேறு, இழிவுபடுத்தும் மேலதிகாரி வேறு. கண்டிப்பானவர் வேலையைக் குறை சொல்வார், திருத்த வழி சொல்வார். இழிவுபடுத்துபவர் ஆளைக் குறை சொல்வார். பென்னட் டெப்பர் என்ற ஆய்வாளர் 2000-இல் கொடுத்த விளக்கத்தைத்தான் இந்தத் துறையில் இன்றும் பலர் எடுத்தாளுகிறார்கள். கை நீட்டாமல், சொல்லாலும் நடத்தையாலும் ஒருவர் தனக்குக் கீழே இருப்பவரிடம் தொடர்ந்து காட்டும் பகைமை என்கிறார் அவர். 'தொடர்ந்து' என்பது முக்கியம். யாருக்கும் ஒரு கெட்ட நாள் வரும். உங்களுக்கு நடப்பது ஒன்றரை வருடமாக நடக்கிறது.

டைரக்டர் முன்னால் அடங்கும் அந்தக் கோபம் உங்களிடம் இறங்குகிறது. நீங்கள் விழுங்கியது உங்கள் மகனிடம் இறங்கியது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், மேலதிகாரியிடம் வசவு வாங்கும் ஊழியர்களின் வீட்டாரிடமே விசாரித்தபோது, வீட்டில் அவர்களுடைய எரிச்சலும் கடுஞ்சொல்லும் அதிகமாக இருப்பதாகச் சொன்னார்கள். நீங்கள் கெட்ட அம்மா என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கெட்ட அம்மா இதைக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கமாட்டார். விழுங்கினால் போய்விடும் என்று நீங்கள் நினைத்தது போகவில்லை, அதற்காகத்தான் சொல்கிறேன். மகனைப் பற்றிக் கீழே தனியாக எழுதுகிறேன்.

யாரிடம், எப்படிக் கொட்டுவது?

மதிய நேரத்தில் நீங்களும் இரண்டு தோழிகளும் சேர்ந்து தினமும் அவரைத் திட்டித் தீர்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். "கொட்டிவிட்டால் பாரம் குறையும்" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த நேரத்துக்குக் குறையும். ஆனால் கோபத்தைக் கிளறிக் கிளறிக் கொட்டுவது அதைத் தீர்ப்பதில்லை. பிராட் புஷ்மன் என்பவர் 2002-இல் வெளியிட்ட பரிசோதனையில், தங்களைக் கோபப்படுத்தியவரை மனதில் நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்கு, சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிடக் கோபம் அதிகமாகத்தான் இருந்தது. தோழிகளிடம் பேசாதீர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவர்கள்தான் நாளை உங்களுக்குச் சாட்சி. பேச்சில் ஒரு சின்ன மாற்றம் செய்யுங்கள். 'இன்னைக்கு என்ன பண்ணான் தெரியுமா' என்று தொடங்கும் பேச்சு ஐந்து நிமிடத்தில் 'நாம என்ன பண்ணலாம்' என்று திரும்புகிறதா, பாருங்கள். திரும்பவில்லையென்றால் வேறு விஷயம் பேசுங்கள். அவருக்கு உங்கள் மதிய நேரத்தையும் கொடுக்காதீர்கள்.

ராத்திரி இரண்டு மணிக் கடிதம் இருக்கிறதே, அதை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது ராஜினாமா கடிதம் அல்ல. அது அவருக்குச் சொல்ல வேண்டிய, சொல்லாமல் போன சொற்கள். அதைப் போனிலிருந்து எடுத்து ஒரு நோட்டில் கையால் எழுதுங்கள். தொடர்ந்து நான்கு நாள், தினமும் 15 நிமிடம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980-களில் சோதித்த முறை இது. முதல் இரண்டு நாள் மனம் கூடுதலாகக் கனக்கலாம். எழுதியதை யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஆபீஸ் கணினியில் எழுதவே வேண்டாம். எழுதி முடித்ததும் போனில் இருப்பதை அழித்துவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் விரல் எங்கே படும் என்று சொல்ல முடியாது.

கணவர் சொல்லும் 'வேலையை விட்டுடு' அக்கறையில் வருவதுதான். ஆனால் அதைக் கேட்டதும் நீங்கள் பேசுவதை நிறுத்திவிடுகிறீர்கள். அவரிடம் நேராகக் கேளுங்கள்: "இப்ப எனக்கு யோசனை வேண்டாம். பத்து நிமிஷம் கேட்டுட்டு, 'அவர் பண்ணது தப்பு'ன்னு மட்டும் சொல்லுங்க." சுலபமாகச் செய்யக்கூடிய காரியம் இது. பெரும்பாலான கணவர்களுக்கு இதை யாரும் கேட்டதே கிடையாது.

அந்த இரண்டு நிமிடத்தில்

அவர் கத்தும்போது உங்கள் முதல் வேலை சிரிக்காமல் இருப்பது. முறைக்கவும் வேண்டாம். முகத்தைச் சும்மா விட்டுவிடுங்கள். இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதியட்டும். மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். கையில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். அவர் சொல்வதில் வேலை சம்பந்தப்பட்டது எதுவோ அதை மட்டும் எழுதுங்கள். இது கைக்கு ஒரு வேலையும் கொடுக்கும், மறதிக்கும் மருந்து.

பிறகு ஒரே ஒரு வாக்கியம். அவர் உச்சத்தில் இருக்கும்போது வேண்டாம், மூச்சு வாங்க நிறுத்தும்போது சொல்லுங்கள். "சார், மூணாவது பக்கத்துல இருக்கற தப்பை இன்னைக்கே சரி பண்ணிடறேன்." இதில் 'சாரி' இல்லை என்பதைக் கவனியுங்கள். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, அவர் சாதாரணமாக இருக்கும் நேரத்தில் தனியாகப் பார்த்து, "சார், தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கறேன். ஆனா எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசினது எனக்கு அவமானமா இருந்தது. தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க" என்று சொல்லலாம். வீட்டில் கண்ணாடி முன்னால் பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள். முதல் நான்கு தடவை குரல் உடையும். பரவாயில்லை. சொல்லும்போது கண் கலங்கினாலும் வாக்கியத்தை முடித்துவிடுங்கள். கலங்கிய கண்ணோடு சொன்னாலும் அது செல்லும்.

இதில் ஆபத்து இருக்கிறது, மறைக்கமாட்டேன். 2007-இல் டெப்பரும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட மேலதிகாரியிடமிருந்து ஒதுங்கி ஒதுங்கிப் போனவர்களுக்கு மன உளைச்சல் கூடுதலாகவும், நேராகப் பேசியவர்களுக்குக் குறைவாகவும் இருந்தது. ஆனால் எல்லா மேலதிகாரியும் ஒன்றல்ல. சிலர் இதைக் கேட்டுச் சற்று அடங்குவார்கள். சிலர் மனதில் வைத்துக்கொண்டு பழிவாங்குவார்கள். இதுவரை அவரிடம் யாராவது எதிர்த்துப் பேசியிருக்கிறார்களா, அவர்களுக்கு என்ன ஆனது என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். பழிவாங்கும் ஆள் என்று தெரிந்தால் இந்தப் படியை விட்டுவிட்டு நேராக எழுத்து மூலமான வழிக்குப் போகலாம். அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது.

புகார் கொடுப்பதா, வெளியேறுவதா?

இரண்டுக்கும் தேவைப்படுவது ஒரு பதிவு. தேதி, நேரம், இடம், அவர் சொன்ன அதே சொற்கள், யார் யார் அங்கே இருந்தார்கள், எந்த வேலை தொடர்பாக, இவ்வளவுதான். 'கேவலமாகத் திட்டினார்' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. '"மூளையைக் கழற்றி வச்சிட்டு வந்தீங்களா" என்று ஆறு பேர் முன்னால் கேட்டார்' என்று எழுதினால் தெரியும். உங்கள் சொந்த நோட்டில் அன்றன்றைக்கே எழுதுங்கள். நிறுவனத்தின் கோப்புகளைச் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். அதையே உங்கள் மேல் குற்றமாகத் திருப்புவார்கள். ரகசியமாகப் பேச்சைப் பதிவு செய்யும் யோசனை இருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். அதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு மாறும்.

"கை நீட்டவில்லையே, இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பணியிட வன்முறை, துன்புறுத்தல் பற்றி சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய 190-ஆவது உடன்படிக்கை மனரீதியான பாதிப்பையும் சேர்த்தே பேசுகிறது. 2021 ஜூனில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது ஏற்புறுதி செய்த நாடுகளைத்தான் கட்டுப்படுத்தும். உங்கள் ஊரில் எது செல்லும் என்பதை ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடமோ தொழிற்சங்கத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மேனேஜர் தன் பேச்சில் நீங்கள் பெண் என்பதையோ உங்கள் இனத்தையோ மதத்தையோ குத்திக்காட்டியிருந்தால் அதையும் தனியாகக் குறித்து வையுங்கள். பல நாடுகளில் அதற்குத் தனிச் சட்டம் உண்டு.

எச்.ஆர். உங்கள் பக்கம் நிற்கும் என்று முழுசாக நம்பிப் போகாதீர்கள், நிற்காது என்று போகாமலும் இருக்காதீர்கள். அவர்கள் நிறுவனத்துக்காக வேலை செய்பவர்கள். ஒருவர் மட்டும் வந்து அழுதால் 'இரண்டு பேருக்குள் ஒத்துப்போகவில்லை' என்று கோப்பை மூடுவார்கள். மூன்று பேர் தேதியோடு எழுத்தில் கொடுத்தால் அது நிறுவனத்தின் பிரச்சினையாகிவிடும். கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலையை விடுவது தோல்வி என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் நள்ளிரவில் விடாதீர்கள். ஒரு காகிதத்தில் மூன்று கணக்கு போடுங்கள். சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் கடனையும் வீட்டையும் ஓட்ட முடியும், வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்க வழி இருக்கிறதா, வெளியில் இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா. கணக்குப் போடுவதுதான் உங்கள் தொழில், இதையும் அதே நிதானத்தோடு போடுங்கள். காலண்டரில் மூன்று மாதம் கழித்து ஒரு தேதியைக் குறியுங்கள். அதற்குள் நிலைமை மாறவில்லையென்றால் வெளியேறும் வேலையைத் தொடங்குங்கள். மருத்துவர் உடம்பு தாங்காது என்று சொன்னால் மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். ராஜினாமா கடிதம் எழுதும்போது மூன்று வரி போதும். மனதில் உள்ள மற்றதெல்லாம் அந்த நோட்டில் இருக்கட்டும்.

மகனிடம்

உங்கள் பையன் அழாமல் சிரித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். 'பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை' என்றும் சேர்த்திருக்கிறீர்கள். பெரிதாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறான், சகோதரி. அந்தச் சிரிப்பை நீங்கள் அடையாளம் கண்டிருப்பீர்கள்.

எட்டு வயதுக்கு இது புரியும். இன்று தூங்கப்போகும் முன் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: "அன்னைக்கு நோட்டுல தண்ணி கொட்டினப்ப அம்மா ஒரு வார்த்தை சொன்னேன். அது தப்பான வார்த்தை. உனக்கு மூளை நல்லா இருக்கு. அம்மாவுக்கு வேற இடத்துல வந்த கோபம், உன்கிட்ட காட்டிட்டேன். அம்மா கத்தினா நீ சிரிக்க வேண்டாம். உனக்கு அழுகை வந்தா அழலாம், கோபம் வந்தா 'அம்மா, கத்தாத'ன்னு சொல்லலாம்." மேனேஜரைப் பற்றி அவனிடம் விவரிக்க வேண்டாம். நீண்ட மன்னிப்பும் வேண்டாம், அவன் உங்களைத் தேற்றும்படி ஆகிவிடும். ஆபீசிலிருந்து வந்ததும் முகம் கழுவி, பத்து நிமிடம் தனியாக இருந்துவிட்டு அவனிடம் போகிற பழக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். "அம்மாவுக்குப் பத்து நிமிஷம்" என்று சொன்னால் அவனே கதவைச் சாத்திவிட்டுப் போவான்.

அடுத்த கடிதம் எழுதும்போது மேனேஜர் என்ன சொன்னார் என்பதைப் பிறகு சொல்லுங்கள். மருத்துவரைப் பார்த்தீர்களா, எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.